நியூ ஹேவன் நகரின் இத்தாலிய உணவகங்கள்: வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நியூ ஹேவன் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், கடலோரமாக இருக்கும் நடுத்தர ஊர். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 1,34,000. யேல் பல்கலைக்கழகம் இங்கேதான் இருக்கிறது. பிள்ளையை அங்கே சேர்த்துவிட வரும் பெற்றோர், ஆராய்ச்சிக்கு வந்து குடியேறியவர்கள், நியூயார்க்கிலிருந்து ஒருநாள் பயணமாக வருகிறவர்கள் என்று நம் ஆட்கள் நிறைய பேர் இங்கே வருகிறார்கள். வந்த மறுநாளே போன் வரும்: "இங்கே பிட்ஸா பேர்போனதாமே, எங்கே போகலாம்? சைவத்துக்கு என்ன கிடைக்கும்?" இத்தனை வருடங்களில் பலருக்கும் போனில் சொன்ன பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இந்த ஊரில் ஏன் இத்தனை இத்தாலியக் கடைகள்?

தொழிற்சாலைகளால்தான். 1864இல் இந்த ஊருக்கு வந்த சார்ஜென்ட் கம்பெனி பூட்டு, கீல் போன்ற இரும்புச் சாமான்கள் செய்தது. ஆலைக்குக் கூலியாட்கள் தேவைப்பட்டார்கள். தெற்கு இத்தாலியில் அப்போது கடும் வறுமை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமால்ஃபி, அதை ஒட்டிய அத்ரானி போன்ற கடலோர ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து ஆலைக்குப் பக்கத்திலேயே, வூஸ்டர் சதுக்கத்தைச் சுற்றிக் குடியேறினார்கள். ஒருவர் வந்து காலூன்றியதும் தம்பியை, மைத்துனனை, பக்கத்து வீட்டுப் பையனை வரவழைப்பார். ஆம்பூர்க்காரர் ஒருவர் சிங்கப்பூர் போனால் பின்னாலேயே பாதித் தெரு போவதைப் பார்த்திருக்கிறோம் இல்லையா, அதே கதைதான்.

1889இல் தொடங்கிய செயின்ட் மைக்கேல் பங்கு (ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த கிறிஸ்தவச் சமூகம்) கனெக்டிகட்டின் முதல் இத்தாலியப் பங்கு. தேவாலயம், ஊர்ச் சங்கம், ரொட்டிக் கடை எல்லாம் நாலைந்து தெருக்களுக்குள் அடக்கம். அமால்ஃபியின் காவல் புனிதர் அந்திரேயா. அவர் பெயரில் இங்கே ஒரு சங்கம் வைத்து, இன்றைக்கும் கோடையில் திருவிழா எடுக்கிறார்கள். இங்கத்திய உணவகங்கள் எல்லாம் அந்தக் குடியிருப்பின் ரொட்டி அடுப்புகளிலிருந்து வந்தவை. அதனால்தான் சுற்றுலாவுக்காகத் திறந்த இத்தாலியக் கடைக்கும் இவற்றுக்கும் முதல் வாயிலேயே வித்தியாசம் தெரிகிறது.

1950களிலும் 60களிலும் நெடுஞ்சாலையும் நகரச் சீரமைப்பும் வந்து அந்தக் குடியிருப்பில் பெரும்பகுதியைக் கலைத்துவிட்டன. குடும்பங்கள் ஈஸ்ட் ஹேவன், வெஸ்ட் ஹேவன், ஹாம்டன் பக்கம் போய்விட்டன. கடைகள் மட்டும் நின்றன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரிசையில் நிற்கும்போது பாருங்கள், தாத்தா குடியிருந்த தெரு என்று பேரனுக்குக் காட்டிக்கொண்டு ஒருவராவது நிற்பார்.

பெயர்ப்பலகையில் 'அபிட்ஸா' என்று எழுதியிருக்கிறதே, எழுத்துப் பிழையா?

பிழை இல்லை. தெற்கு இத்தாலியின் நேப்பிள்ஸ் வட்டாரப் பேச்சில் 'அ பிட்ஸா' என்றால் 'அந்தப் பிட்ஸா'. முன்னொட்டும் சொல்லும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகிவிட்டது. எழுதுவது அப்படி, சொல்லுவது 'அபீட்ஸ்'. தெற்கு இத்தாலியர் சொல்லின் கடைசி உயிரெழுத்தை விழுங்கிவிடுவார்கள். நாம் பஸ்ஸு, காரு என்று ஓர் உயிரைக் கூடவே சேர்ப்போம், அவர்கள் இருப்பதையும் உதிர்ப்பார்கள். மொட்ஸரெல்லா சீஸ் இங்கே 'மூட்ஸ்' ஆனதும் அப்படித்தான். இந்த இரண்டு சொற்களைத் தெரிந்துகொண்டு போனால் மெனு பாதி புரிந்துவிடும்.

பெப்பே, சேலிஸ், மாடர்ன் மூன்றில் எங்கே போவது?

முதலில் இவர்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

ஃபிராங்க் பெப்பே அமால்ஃபி கரையில் உள்ள மயோரி என்ற ஊர்க்காரர். 1909இல் பதினாறு வயதுப் பையனாக இங்கே வந்தார். முதல் உலகப் போரில் இத்தாலிக்காகச் சண்டையிடத் திரும்பிப் போனார், மனைவி ஃபிலோமினாவோடு மறுபடி வந்தார். ரொட்டி சுடும் வேலை பார்த்துவிட்டு 1925இல் வூஸ்டர் தெருவில் சொந்தக் கடை திறந்தார். முதலில் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே 1936இல் பெரிய இடம் பார்த்து மாறினார். பழைய இடமும் இன்று அவர்கள் கையில்தான் இருக்கிறது, 'த ஸ்பாட்' என்று பெயர். பெரிய கடையில் வரிசை நீண்டிருந்தால் அங்கே எட்டிப் பாருங்கள்.

சேலிஸ் 1938இல் வந்தது. சேலி என்கிற சால்வத்தோரே கான்சிலியோ, பெப்பேவின் அக்கா தங்கை வழி மருமகன். மாமாவிடம் தொழில் பழகிவிட்டு அதே தெருவில், நடந்து போகிற தூரத்தில் தன் கடையைப் போட்டார். அன்றிலிருந்து ஊர் இரண்டு கட்சி. வீட்டுக்குள்ளேயே அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் நிற்பதைப் பார்க்கலாம்.

மாடர்ன் 1934இல் தொடங்கியது. வூஸ்டர் தெருவில் இல்லை, ஸ்டேட் தெருவில் இருக்கிறது. அந்த அடுப்பு இப்போது எண்ணெயில் எரிகிறது, மற்ற இரண்டும் நிலக்கரி.

இனி என் தீர்ப்பு. தக்காளி பிட்ஸாவுக்கு சேலிஸ். அங்கே தக்காளி கொஞ்சம் இனிப்போடு, அழுத்தமாக இருக்கும், அடிப்பாகம் மெலிந்து மொறுமொறுப்பாக வரும். தக்காளி இல்லாமல், மட்டி என்ற சிப்பி வகையைப் போட்டுச் சுடும் வெள்ளைப் பிட்ஸாவுக்கு பெப்பே. காய்கறி நிறையப் போட்டு, குழந்தைகளோடு, ஆறேழு பேராகச் சாப்பிட மாடர்ன். ஒரே ஒரு வேளைதான் இருக்கிறது, கடல் உணவும் சாப்பிடுவீர்கள் என்றால் யோசிக்காமல் பெப்பேவுக்குப் போங்கள். ஒரே ஒரு வேளை, ஆனால் சைவம் என்றால் சேலிஸ்.

பக்கத்து வெஸ்ட் ஹேவனில் ஸப்பார்டிஸ் என்று இன்னொரு பழைய குடும்பக் கடை இருக்கிறது. கார் இருந்தால் அவசியம் போய்ப் பாருங்கள். கூட்டத்தின் அவசரம் இல்லாமல் உட்கார்ந்து சாப்பிடலாம்.

பிட்ஸா கருகி வந்திருக்கிறது. திருப்பிக் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். அது இந்த ஊர்ப் பக்குவம்.

நிலக்கரி அடுப்பின் உள்ளே வெப்பம் 300 டிகிரி செல்சியஸைத் தாராளமாகத் தாண்டும். விறகில் ஈரம் இருக்கும், நிலக்கரியில் அது மிகக் குறைவு. அதனால் அனல் வறண்டு அடிக்கும். மாவின் ஓரமும் அடியும் அங்கங்கே கறுத்து, உள்ளே மெத்தென்று இருக்கும். முறுகல் தோசையின் ஓரத்தை முதலில் பிய்த்துத் தின்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். அந்தக் கரும்புள்ளிகளில் ஒரு மெல்லிய கசப்பு உண்டு. தக்காளியின் இனிப்புக்கும் சீஸின் உப்புக்கும் அந்தக் கசப்புதான் ஈடு.

ஆனால் தீய்ந்து போனது வேறு. அடிப்பாகம் முழுக்கக் கரியாக, வாயில் சாம்பல் ருசி தட்டினால் தயங்காமல் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள். வயதானவர்களோடு வந்தால் ஆர்டர் கொடுக்கும்போதே கறுப்பு குறைவாக, கொஞ்சம் சீக்கிரமே எடுக்கச் சொல்லலாம். அது இங்கே சாதாரணமாகக் கேட்கிற விஷயம்தான்.

வட்டம் கோணலாக இருக்கிறது என்றும் சிலர் கேட்பார்கள். மாவைக் கையால் இழுத்து, நீளக் காம்புள்ள மரப் பலகையில் வைத்து அடுப்பின் கடைசி மூலைவரை தள்ளுகிறார்கள். முட்டை வடிவத்தில்தான் வரும். காகிதம் விரித்த தட்டில் அப்படியே கொண்டுவந்து வைப்பார்கள், தட்டுக்கு வெளியேகூடக் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும்.

'ப்ளெயின்' கேட்டோம். சீஸே இல்லாமல் சிவப்பாக வந்தது. மறந்துவிட்டார்களா?

மறக்கவில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன்.

மற்ற ஊர்களில் ப்ளெயின் என்றால் தக்காளியும் மொட்ஸரெல்லாவும். நியூ ஹேவனில் ப்ளெயின் என்றால் மாவு, தக்காளி, ஆலிவ் எண்ணெய், மேலே தூவிய கொஞ்சம் பெக்கோரினோ சீஸ், அவ்வளவுதான். மொட்ஸரெல்லா வேண்டுமென்றால் 'மூட்ஸ்' போடச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். மொட்ஸரெல்லா இங்கே வெங்காயம், காளான் மாதிரி மேலே போடும் பொருள்களில் ஒன்று.

பெப்பே தொடங்கிய நாள்களில் விற்றதும் இதுதான்: தக்காளி போட்டது, அதன் மேல் வேண்டுமானால் நெத்திலி. கூலி வேலைக்காரர்கள் வாங்கித் தின்ற சாப்பாடு. விலையுயர்ந்த எதுவும் அதில் இல்லை. மறைத்துக்கொள்ளவும் எதுவும் இல்லை. மாவு சரியாகப் புளித்ததா, தக்காளி நல்லதா, அடுப்பு சரியான சூட்டில் இருந்ததா என்று மூன்றும் முதல் கடியில் தெரிந்துவிடும். சீஸை மேலே கொட்டிவிட்டால் இந்த மூன்றில் எது குறைந்தாலும் தெரியாது. ஒரு மெஸ்ஸின் கைப்பக்குவம் அதன் ரசத்தில் தெரியும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். ப்ளெயின் பிட்ஸா இந்த ஊரின் ரசம்.

அதனால் நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். எத்தனை பேர் வந்தாலும், வேறு என்ன வாங்கினாலும், ஒரு சின்ன ப்ளெயின் சேர்த்து வாங்குங்கள். அதை முதலில், சூட்டோடு சாப்பிடுங்கள். என் அம்மா வந்திருந்தபோது "இதென்ன, தக்காளித் தொக்கு தடவின ரொட்டிதானே" என்று ஆரம்பித்தார்கள். மூன்றாவது துண்டுக்குக் கையை நீட்டும்போது பேச்சே இல்லை.

ஆகஸ்ட், செப்டம்பரில் வந்தால், உள்ளூர்த் தோட்டத் தக்காளியை வெட்டிப் போட்டுச் சுடும் பிட்ஸா இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த சில வாரங்கள்தான் கிடைக்கும்.

நாங்கள் சுத்த சைவம். எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

தாராளமாகச் சாப்பிடலாம், நாலு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும்.

முதலாவது, சீஸ். பாலை உறையவைக்கச் சேர்க்கும் பொருள் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. பெக்கோரினோ ரொமானோ என்ற இத்தாலிய ஆட்டுப்பால் சீஸுக்கு ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த உறைபொருள்தான் சேர்க்க வேண்டும் என்று அந்த நாட்டு விதியே இருக்கிறது. பார்மிஜானோ ரெஜானோவுக்குக் கன்றுக்குட்டியுடையது. இரண்டும் கண்டிப்பான சைவத்துக்கு ஆகாது. மொட்ஸரெல்லா விஷயம் வேறு. அமெரிக்காவில் தயாராகும் சீஸில் பெரும்பகுதிக்கு நுண்ணுயிர் வழியாக எடுக்கும் நொதியையே சேர்க்கிறார்கள். இதையெல்லாம் பார்க்கிற குடும்பம் என்றால், தூவும் சீஸ் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தக்காளி, பூண்டு, ஓரிகானோ, ஆலிவ் எண்ணெய் போட்டுச் சுட்டாலே அருமையாக இருக்கும். பாலும் வேண்டாம் என்பவர்களுக்கும் அதுதான்.

இரண்டாவது, நெத்திலி. சீஸர் சாலட்டின் மேலே ஊற்றும் குழம்பில் வழக்கமாக நெத்திலி அரைத்துச் சேர்த்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது.

மூன்றாவது, சூப். பெயரில் காய்கறி இருக்கும், வேகவைத்த தண்ணீர் கோழிச்சாறாக இருக்கும். ஒருமுறை இங்கே ஒரு கடையில் மினஸ்ட்ரோனே என்ற காய்கறி சூப் வாங்கி எங்கள் சித்தியிடம் கொடுத்துவிட்டேன். பாதி குடித்த பிறகுதான் விசாரித்தேன். அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எனக்கு இன்னும் மனசு உறுத்துகிறது. 'இறைச்சி இருக்கிறதா' என்று கேட்டால் 'இல்லை' என்பார்கள், அது உண்மைதான். 'எந்தச் சாறில் வேகவைத்தது' என்று கேளுங்கள்.

நாலாவது, முட்டை. பிட்ஸா மாவு பொதுவாக மாவு, தண்ணீர், ஈஸ்ட், உப்பு மட்டும்தான். ஆனால் கடையிலேயே புதிதாகப் பிசையும் பாஸ்தாவில் பெரும்பாலும் முட்டை சேரும். பாக்கெட்டில் வரும் காய்ந்த பாஸ்தாவில் பொதுவாகச் சேராது. கத்தரிக்காயை வட்டமாக நறுக்கி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்துத் தக்காளியும் சீஸும் வைத்துத் தருவார்கள். அந்தத் தூள் ஒட்டுவதற்கு முட்டையில்தான் முக்கியிருப்பார்கள்.

அடுப்பும் பலகையும் எல்லாவற்றுக்கும் பொது. இதை மனம் ஒப்பாதவர்களுக்கு இங்கே வேறு வழி கிடையாது, முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

சைவத்தில் எனக்குப் பிடித்தவை: சேலிஸில் உருளைக்கிழங்கை மெல்லிசாகச் சீவி ரோஸ்மேரி போட்டுச் சுடும் வெள்ளைப் பிட்ஸா. மாடர்னில் கீரை, ப்ராக்கலி, காளான், வெங்காயம், பூண்டு எல்லாம் குவித்துத் தரும் 'வெஜ்ஜி பாம்'. கிரவுன் தெருவில் 'பார்' என்றே பெயருள்ள கடையில் மசித்த உருளைக்கிழங்குப் பிட்ஸா. அந்தக் கடைசி வகையில் பேக்கன் என்ற பன்றி இறைச்சி சேர்ப்பது வழக்கம், வேண்டாம் என்று சொல்லி வாங்குங்கள்.

மட்டி போட்ட வெள்ளைப் பிட்ஸா அப்படி என்ன விசேஷம்?

நியூ ஹேவன் ஒரு நீண்ட கடல்நீர்ப் பரப்பின் கரையில் இருக்கிறது. எதிர்க்கரையில் லாங் ஐலண்ட். மட்டி இங்கே ஆண்டாண்டு காலமாக ஏழைகளின் சாப்பாடு. பெப்பேவில் 1960களில் அதைப் பிட்ஸாவில் போட ஆரம்பித்தார்கள். தக்காளி கிடையாது, மொட்ஸரெல்லா கிடையாது. சின்ன மட்டியின் சதை, நறுக்கிய பூண்டு, ஓரிகானோ, ஆலிவ் எண்ணெய், தூவிய பெக்கோரினோ. மட்டியின் உப்புநீர் மாவில் இறங்கி, பூண்டோடு சேர்ந்து வரும் வாசம் இருக்கிறதே, அடுத்த மேசைக்கு வரும்போதே பசிக்கும்.

மொட்ஸரெல்லாவைச் சேர்த்து வாங்காதீர்கள். மட்டியின் ருசி காணாமல் போய்விடும். எலுமிச்சம்பழம் பிழிவதும் எனக்குச் சம்மதமில்லை, ஆனால் அது அவரவர் விருப்பம். சிப்பி, நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி சாப்பிடமாட்டோம். கோழி, மீன் சரி.

பெப்பரோனியில் பன்றியும் மாடும் கலந்திருக்கும். சாசேஜ் பொதுவாகப் பன்றி. மீட்பால் என்றால் மாடு, சில இடங்களில் கலவை. பாஸ்தாவோடு வரும் சிவப்புக் குழம்பை இறைச்சி போட்டு மணிக்கணக்கில் கொதிக்கவைப்பதும் உண்டு. 'மரினாரா' என்று கேட்டு வாங்கினால் தக்காளி மட்டும்தான் இருக்கும். இந்தப் பழைய கடைகளில் ஹலால் இறைச்சியை எதிர்பார்க்க வேண்டாம். முஸ்லிம் நண்பர்கள் மட்டி, காய்கறி, ப்ளெயின் பக்கம்தான் போகிறார்கள்.

பிட்ஸா தவிர வேறு இத்தாலியச் சாப்பாடு கிடையாதா?

உண்டு. வூஸ்டர் தெருவிலேயே கான்சிலியோஸ் என்ற பழைய சாப்பாட்டுக் கடை இருக்கிறது, 1938லிருந்து நடக்கிறது. மேசைத்துணி, பாஸ்தா, கோழி, கத்தரிக்காய் என்று உட்கார்ந்து சாப்பிடும் வகை. பிறந்தநாள், பட்டமளிப்பு என்று பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போக ஏற்ற இடம்.

இந்தச் சாப்பாடு இத்தாலியில் கிடைப்பது போலவே இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஊரில் என்றைக்கோ ஒருநாள் இறைச்சி பார்த்தவர்கள் இங்கே வாராவாரம் வாங்க முடிந்தபோது, தட்டு பெரிதானது, சீஸ் கூடியது, குழம்பு கெட்டியானது. நூறு வருடமாக இங்கேயே வளர்ந்த சமையல் இது. மலேசியத் தமிழர் வீட்டுக் குழம்பை மதுரைக் குழம்போடு ஒப்பிட்டுக் குறை சொல்வோமா? இதையும் அதன் இடத்தில் வைத்துச் சாப்பிட வேண்டும்.

காரம் இருக்குமா?

இருக்காது. இடித்த மிளகாய்த் தூள் கேட்டால் தருவார்கள். அதற்கும் மேல் வேண்டுமென்றால் ஊறவைத்த காரக் குடமிளகாய் போடச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து இட்லிப் பொடி கொண்டுவர வேண்டாம். ஒரு வேளை மட்டும் அந்தத் தக்காளியை அதன் போக்கில் விட்டுப் பாருங்கள்.

கூட என்ன குடிப்பது?

ஃபாக்ஸன் பார்க் சோடா. பக்கத்து ஈஸ்ட் ஹேவனில் 1922லிருந்து ஒரு குடும்பம் செய்வது, கண்ணாடிப் பாட்டிலில் வரும். நம் ஊர்ப் பன்னீர் சோடா, காளிமார்க் மாதிரி உள்ளூர்ப் பாசம் இதற்கு உண்டு. 'கஸோசா' என்பது எலுமிச்சை வகை, எல்லோருக்கும் பிடிக்கும். 'ஒயிட் பர்ச்' என்பதை வாங்குமுன் ஒரு எச்சரிக்கை: பர்ச் மரப்பட்டையின் வாசம் நம் மூட்டுவலித் தைலத்தின் வாசம்தான், இரண்டிலும் இருப்பது ஒரே வேதிப்பொருள். என் மாமியார் ஒரு மடக்கோடு வைத்துவிட்டார்கள். பழகியபின் எனக்கு அது இல்லாமல் பிட்ஸா இறங்குவதில்லை.

எவ்வளவு நேரம் வரிசையில் நிற்க வேண்டும்?

வெள்ளி, சனி சாயங்காலம் ஒரு மணி நேரத்துக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். யேல் பட்டமளிப்பு நாள்களிலும், ஏப்ரலில் வூஸ்டர் சதுக்கத்துச் செர்ரி மரங்கள் பூக்கும்போதும் இன்னும் கூடும். செவ்வாய், புதன் மதியம் கடை திறக்கும் நேரத்துக்குப் போனால் அநேகமாக உடனே உட்காரலாம். சேலிஸ், மாடர்ன் திறக்கும் நாளும் நேரமும் மாறும், கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் வெளியே நிற்க வேண்டி வரும். குழந்தைக்குக் குல்லாவும் கையுறையும் அவசியம்.

ஒரே ஒரு துண்டு வாங்க முடியுமா?

இந்தப் பழைய கடைகளில் முடியாது, முழுசாகத்தான் தருவார்கள். நடுத்தர அளவுப் பிட்ஸா ஒன்று வாங்கினால் இரண்டு பேருக்குப் போதும், பசி அதிகமென்றால் ஒரு சின்னது சேர்த்துக்கொள்ளலாம். ஒரே பிட்ஸாவில் பாதிக்கு ஒன்று, பாதிக்கு இன்னொன்று என்று போடச் சொல்லலாம். ஆனால் சைவமும் அசைவமும் பாதிப்பாதி வேண்டாம், சாறு ஒன்றோடொன்று கலந்துவிடும்.

பில்லில் எவ்வளவு கூடும்?

கனெக்டிகட்டில் உணவகச் சாப்பாட்டுக்கு வரி 7.35 சதவீதம். மெனுவில் போட்ட விலையில் அது சேர்ந்திருக்காது. பரிமாறுகிறவருக்கு டிப்ஸ் 18 முதல் 20 சதவீதம். 40 டாலருக்குச் சாப்பிட்டால், வரி 2.94, டிப்ஸ் 8, மொத்தம் 51 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிப்ஸ் கொடுக்க வேண்டுமா என்று நம்மவர்கள் சிலர் கேட்பதுண்டு. கொடுக்க வேண்டும். இங்கே பரிமாறுகிறவர்களின் வருமானத்தில் பெரும்பகுதி அதுதான்.

கார் இல்லை. நியூயார்க்கிலிருந்து ரயிலில் வரலாமா?

நன்றாக வரலாம். கிராண்ட் சென்ட்ரலிலிருந்து மெட்ரோ நார்த் ரயில், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். யூனியன் ஸ்டேஷனில் இறங்கினால் வூஸ்டர் தெருவுக்கு இருபது நிமிட நடை. சில ரயில்கள் அடுத்த நிறுத்தமான ஸ்டேட் தெரு வரை போகும், அங்கே இறங்கினால் இன்னும் பக்கம். சாப்பிட்டுவிட்டு யேல் வளாகம்வரை நடக்கலாம். அந்தப் பெயருக்கு நம்மோடு ஒரு தொடர்பு உண்டு. எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர். 1718இல் அவர் இந்தக் கல்லூரிக்கு அனுப்பிவைத்த துணிமூட்டைகளும் புத்தகங்களும்தான் அந்தப் பெயரை வாங்கித் தந்தன.

எங்கள் ஊரிலேயே பெப்பே கிளை இருக்கிறதே. இவ்வளவு தூரம் வர வேண்டுமா?

பெப்பேவுக்கும் சேலிஸுக்கும் இப்போது வேறு ஊர்களிலும் கிளைகள் இருக்கின்றன, அதே மாதிரி அடுப்பு கட்டித்தான் சுடுகிறார்கள். போன இடங்களில் நன்றாகவே இருந்தது. ஆனால் வூஸ்டர் தெருவில் பல பத்தாண்டுகளாகச் சூடேறிய செங்கல்லில் வெந்து வருவதற்கு ஒரு தனி ருசி இருக்கிறது என்று நான் நம்புகிறேன். ஒருமுறையாவது வாருங்கள்.

இனிப்பு?

வூஸ்டர் தெருவிலேயே லிபிஸ், 1922லிருந்து இருக்கும் இனிப்புக் கடை. முட்டை, பால் இரண்டும் தவிர்ப்பவர்களுக்கு அங்கே எலுமிச்சை ஐஸ். மற்றவர்களுக்கு, கனோலி, அதாவது ரிகோட்டா சீஸ் அடைத்த, பொரித்த மாவுக் குழல். ஓடு மொறுமொறுப்பாக இருக்கும்போதே, கடை வாசலில் நின்றே சாப்பிட்டுவிடுங்கள்.

மிச்சமானதை வீட்டில் எப்படிச் சூடாக்குவது?

மைக்ரோவேவில் வைக்காதீர்கள், ரப்பராகிவிடும். நம்மிடம் இதற்கென்றே செய்தது போல ஒன்று இருக்கிறது: இரும்புத் தோசைக்கல். கல்லைச் சிறு தீயில் நன்றாகக் காயவிடுங்கள், எண்ணெய் வேண்டாம். துண்டுகளை வைத்து இரண்டு நிமிடம் மூடி போடுங்கள், மேலே இருக்கும் தக்காளி சூடாகும். அப்புறம் மூடியை எடுத்துவிட்டு இன்னும் ஒரு நிமிடம், அடி மறுபடி மொறுமொறுவென்று ஆகும்வரை. மட்டிப் பிட்ஸாவை மட்டும் அன்றைக்கே முடித்துவிடுங்கள், மறுநாள் மட்டி கடிபடாது.